ராக்கம்மாள் அடக்கி வைத்தது

பெரியகுளம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அந்தோணிமுத்துவின் வேலை, தமிழில் எழுதிய வாக்குமூலங்களை இங்கிலீஷில் மாற்றுவது. மிஷன் பள்ளிக்கூடத்தில் சாமியாரிடம் அடி வாங்கிக் கற்ற இங்கிலீஷ். யாரையும் எளிதில் நம்பமாட்டார். தபால் வந்தால் உறையைத் திருப்பி ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கிழிப்பார். தம் பேனாவை மட்டும் அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு ஆனி மாதத்தில் அதற்கும் வேளை வந்தது.

வடுகபட்டிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் காவலுக்கு இருந்த சீனிச்சாமியின் வலது கை, சித்திரையில் ஒரு மத்தியானம் அரிவாள் வெட்டில் போய்விட்டது. வெட்டியவன் தோப்புக்காரன் கருத்தக்கண்ணன் என்று வழக்கு. பின்னாலிருந்து விழுந்த வெட்டு என்பதால் சீனிச்சாமி ஆளைப் பார்க்கவில்லை. பார்த்த சாட்சி ஒரே ஆள்: காய் பறிக்கப் போன ராக்கம்மாள். அவள் விசாரணையில் சொன்னதைத் தமிழில் எழுதியிருந்தார்கள்.

“கண்ணால பாத்தேன் சாமி. பயந்துபோயி மூணு நாளா நெஞ்சுக்குள்ளயே அடக்கி வச்சிருந்தேன். நாலாம் நாளு தாங்கமாட்டாம சொல்லிப்புட்டேன்.”

வழக்கு மதுரை செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போவதால் இதை இங்கிலீஷில் எழுத வேண்டும். ‘அடக்கி’ என்ற இடத்தில் அந்தோணிமுத்து பேனாவை நிறுத்தினார். இங்கிலீஷில் அடக்குவதற்குச் சொல்லுக்கா பஞ்சம்? ‘கர்ப்’ என்றால் குதிரைக்குக் கடிவாளம் போடுவதுபோல. ‘ரெஸ்ட்ரெயின்’ என்றால் ஓடுகிறவனைப் பிடித்து நிறுத்துவது. ‘ஸ்டைஃபிள்’ என்றால் மூச்சு முட்ட அமுக்குவது. ‘வித்ஹோல்ட்’ என்றால் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது. கடைசியில் ‘சப்ரஸ்’ என்று எழுதினார். கோர்ட்டுக் காகிதத்துக்கு அந்தச் சொல்தான் எடுப்பாக இருந்தது. மை காய்ந்ததும் கட்டி அனுப்பிவிட்டார்.

பத்து நாள் கழித்துக் காப்பிக் கடையில் சுருளிவேல் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கருத்தக்கண்ணனுக்கு ஆஜராகும் வக்கீலின் குமாஸ்தா அவன்.

“அண்ணே, ஒரே சொல்லுல கேஸையே முடிச்சுவிட்டீக. எங்க வக்கீல் அய்யா ஒங்கள ரொம்பப் புகழ்ந்தாக.”

“என்ன சொல்லு?”

“அதான், சப்ரஸ்! சாட்சியத்த மறைச்சேன்னு அவளே ஒத்துக்கிட்டான்னு வாதாடப் போறாக. மூணு நாளு உண்மைய மறைச்சவ நாலாம் நாளு சொல்றத எந்த ஜட்ஜு நம்புவாரு?” சுருளிவேல் கண்ணைச் சிமிட்டிவிட்டு எழுந்து போனான்.

அந்தோணிமுத்து காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்தக் கண்சிமிட்டலைக் கடையில் நாலு பேர் பார்த்திருந்தார்கள். மறுநாள் முதல் அவர் உள்ளே போனாலே பேச்சு நின்றது. அவரவர் தம்ளருக்குள் பார்த்துக் குடித்தார்கள். சர்ச் வாசலில்கூட ஒருவர் தோத்திரம் சொல்லாமல் நகர்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மதலேனாளைக் கேட்டார். “அன்னைக்கு ஒரு கூடை மாம்பழம் வந்துச்சே, குடுத்தது யாரு?”

“கதவுக்கு முன்னால வச்சிருந்துச்சு. ஒங்க அக்கா வீட்டுலருந்து ஆள்வசம் குடுத்துவிட்டாகன்னு நெனச்சேன்.”

“அது என்னைக்கு?”

மதலேனாள் விரல் விட்டு எண்ணினாள். அவர் ராக்கம்மாளின் வாக்குமூலத்தை இங்கிலீஷில் எழுதியதற்கு இரண்டு நாள் முன்பு.

அக்காவுக்குக் கடிதம் போட்டார். தான் அனுப்பவில்லை என்று பதில் வந்தது. அப்படியானால் தோப்புக்காரன்தான். அவனிடம் இல்லாத மாம்பழமா? பழத்தை ருசித்துத் தின்ற வாய்க்குத் தெரியாமல் கை அவனுக்குச் சாதகமாக எழுதிவிட்டதோ? மதலேனாளுக்கு எல்லாம் தெரிந்திருக்குமோ? சோறு போடும்போது அவள் முகத்தையே பார்த்தார்.

“என்னய என்னத்துக்கு அப்படிப் பாக்குறீக? நான் யாருகிட்டயும் கையேந்தல,” என்று அவள் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், காலிக் கூடையை எடுத்துக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்கு நடந்தார். ஓலைக்கூடை விற்கிறவர்களிடம் ஒவ்வொருவராகக் காட்டினார். மூன்றாவது ஆள் மூக்கம்மாள் என்ற பெண். கூடையைத் திருப்பி அடிமுடிச்சைப் பார்த்தாள்.

“இது எங் கைவேல. ரெட்டைப் பிடி போட்டு ஒருத்தருக்குத்தான் முடைஞ்சு குடுத்தேன். ஒச்சாண்டிக்கு.”

அந்தோணிமுத்து திகைத்துப் போனார். ஒச்சாண்டி தோப்புக்காரனின் ஆள் அல்ல. கை இழந்த சீனிச்சாமியின் கூடப்பிறந்த அண்ணன்.

ஒச்சாண்டியை அவன் குடிசையிலேயே போய்ப் பிடித்தார். அவன் மறைக்கவில்லை.

“எங்கிட்ட இருக்குறது ஒத்த மரம் சாமி. தம்பி கேஸ நீங்க நல்லபடியா எழுதணும்னு வச்சேன். கையில குடுத்தா வாங்கமாட்டீகன்னு சொல்லாம வச்சுட்டு வந்துட்டேன்.” அவரை மேலும் கீழும் பார்த்தான். “எங்க பழத்தத் தின்னுட்டு அவனுக்கு எழுதிட்டீகளே சாமி. அவன் எம்புட்டு அனுப்புனான்?”

திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்கு அதே யோசனை. தாம் எழுதியது யோக்கியமான தப்பு என்பது இப்போது தெளிவாகிவிட்டது. ஆனால் அதைத் திருத்தப் போனால், ஒச்சாண்டியின் பழத்துக்காகத் திருத்தினார் என்பார்கள். திருத்தாவிட்டால் கருத்தக்கண்ணனிடம் வாங்கினார் என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் விலைபோன ஆள்.

“பேசாம இருந்துருங்க. வேல போயிட்டா என்ன செய்யிறது?” என்றாள் மதலேனாள். பேச்சு திரும்பியதே பெரிய காரியம். ஆனாலும் அவர் உட்கார்ந்து செஷன்ஸ் ஜட்ஜுக்கு மனு எழுதினார். தாம் போட்ட சொல் தவறு என்றும், அந்தப் பெண் சொன்னது ‘ஹெல்ட் இட் இன்’, அதாவது அழுகையைப்போல உள்ளேயே பிடித்து வைத்ததுதான் என்றும் எழுதினார். கூடை வந்த கதையையும், பழத்தைத் தின்றதையும் விடாமல் சேர்த்தார்.

ஆடியில் மதுரையில் அவரைக் கூண்டில் ஏற்றினார்கள். கருத்தக்கண்ணனின் வக்கீல் அங்கியை உதறிக்கொண்டு எழுந்தார்.

“எத்தனை பழம் தின்றீர்?”

“பதினேழு. என் மனைவியும் தின்றாள்.”

கோர்ட்டில் சிரிப்பு. “பதினேழு பழத்துக்கு ஒரு சொல்லா?”

“முதல் சொல்லையும் அதே பழத்தைத் தின்றுவிட்டுத்தான் எழுதினேன், அய்யா. அந்தச் சொல் உங்கள் கட்சிக்கல்லவா ஆனது?”

வக்கீல் சட்டென்று உட்காரவில்லை. ஆனால் அதற்கப்புறம் கேட்ட கேள்விகளில் சுருதி இல்லை. ஜட்ஜு தமிழ் வாக்குமூலத்தைக் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளரை விட்டு வரிவரியாகப் படிக்கச் சொன்னார். ‘நெஞ்சுக்குள்ளயே’ என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். பயத்தில் வாய் மூடியிருந்ததற்கும் உண்மையை மறைத்ததற்கும் வித்தியாசம் உண்டு என்று குறித்துக்கொண்டார். கருத்தக்கண்ணனுக்கு மூன்று வருஷம் கடுங்காவல் கிடைத்தது. அந்தோணிமுத்துவுக்கு, வழக்குக்காரன் பழத்தை விசாரிக்காமல் தின்ற குற்றத்துக்குக் கண்டனக் கடிதமும் திண்டுக்கல்லுக்கு மாற்றலும் கிடைத்தன.

தீர்ப்பு நாளில் கோர்ட்டுக்கு வெளியே ராக்கம்மாள் அவரை வழிமறித்தாள். நாற்பது வயது, வெயிலில் கறுத்த முகம். கும்பிடவில்லை.

“எம்பேச்ச மாத்தி எழுதுன ஆளு நீங்கதான?”

“ஆமாத்தா.”

“மொதல்ல மாத்தச் சொன்னது யாரு? பெறகு மாத்தச் சொன்னது யாரு?”

“ஒருத்தரும் சொல்லல ஆத்தா. ரெண்டும் நானேதான்.”

அவள் நம்பவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. “இப்ப என்ன எழுதியிருக்கு? சொல்லுங்க.”

அவர் தமிழில் சொன்னார். மூன்று நாள் பயத்தில் நெஞ்சுக்குள் வைத்திருந்ததாகவும், தாங்காமல் நாலாம் நாள் சொன்னதாகவும்.

“இதத்தான நான் அன்னைக்கே சொன்னேன்!”

“இதத்தான் சொன்ன.”

“அப்ப என்னத்துக்கு எல்லாரையும் மதுரைக்கு இழுத்தடிச்சீக?”

அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். தெருமுனையில் ஒருதரம் திரும்பி, அவர் யாரோடாவது பேசுகிறாரா என்று பார்த்தாள். அவர் தனியாகத்தான் நின்றார். அப்போதும் அவள் சந்தேகம் தீர்ந்ததாகத் தெரியவில்லை.