பிளேட்டில் காணாமல்போன நாலு எண்ணிக்கை

பயம் என்றால் பேய்க்குப் பயம், பாம்புக்குப் பயம் என்பார்கள். எனக்கு அதெல்லாம் கிடையாது. விழுப்புரம் லோகோ ஷெட்டில் கொதிக்கிற இன்ஜினுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன் நான். என்னை நடுங்க வைத்தது ஒரு நாற்காலி. ரயில்வே ஆட்கள் கூடும் கிளப்பில், எங்கள் ஜாஸ் பேண்டின் முன்வரிசையில், இடது ஓரத்திலிருந்து இரண்டாவது நாற்காலி. அதில் உட்கார்ந்துதான் சாக்ஸபோன் ஊதினேன். அது கைவிட்டுப் போய்விடுமோ என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

பேண்டில் பதினாலு பேர். டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன், பியானோ, டிரம்ஸ் எல்லாம் உண்டு. ஆரம்பத்தில் எல்லாருமே ஆங்கிலோ இந்தியர்கள். ஐம்பதுகளில் அவர்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேற, காலியான நாற்காலிகளில் என்னைப் போன்ற ஷெட் ஆட்கள் உட்கார்ந்தோம். தலைவர், ரிட்டையரான ஓர் இன்ஜின் டிரைவர். ஊரே அவரை டிரைவர் துரை என்றுதான் கூப்பிடும். இன்ஜின் ஓட்டின மாதிரியேதான் பேண்டையும் ஓட்டினார். வெளியாள் முன்னால் தப்பு செய்தவன் வாத்தியத்தை வைத்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் சட்டம். வாத்தியமெல்லாம் கிளப்புக்குச் சொந்தம் என்பதால் போகிறவன் வெறுங்கையோடுதான் போவான்.

கண்டமங்கலத்திலிருந்து வந்து டிராம்போன் ஊதின ஒருவர், ஒரு கல்யாண டான்ஸில் நுழைய வேண்டிய இடத்துக்கு முன்னாடியே நுழைந்துவிட்டார். மறுநாள் டிராம்போனை வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறமும் புதன்கிழமைப் பயிற்சியன்று காம்பவுண்டு சுவருக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பார். கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இடத்தில் நானே நிற்கிற மாதிரி இருக்கும். கெடார் கிராமத்தில் என் வீட்டாருக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும்தான் உலகம். அவர்களிடம் போய் சாக்ஸபோன் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்க முடியுமா? விளக்குமாறுதான் பறந்து வரும்.

பேண்டில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கிராமபோன் பிளேட்டைக் கேட்டு, பேண்டு பார்த்து வாசிக்க நோட்ஸ் எழுதுவது. துரைக்கு நோட்ஸ் அத்துப்படி, ஆனால் தமிழ்ப் படப் பாட்டு கேட்கப் பொறுமை கிடையாது. அதனால் என் கிராமபோனில் நான் கேட்டு எழுதினால் அதுதான் வேதம். அப்படி எழுதினதில் ஒன்று, மெட்ராஸில் கொடிகட்டிப் பறந்த ஓர் இசையமைப்பாளரின் கிளப் டான்ஸ் மெட்டு. நாலு வருஷம் அதை வாசித்தோம். அதில் ஓரிடத்தில் மெட்டு மூச்சுகூட வாங்காமல் அடுத்த அடிக்குத் தாவும். ஆடுகிறவர்களுக்குக் கால் மாற்ற நேரமிருக்காது. எல்லாரும் ஒரு குதி குதிப்பார்கள். போகப்போக அந்தக் குதிக்காகவே அந்தப் பாட்டை வாசிக்கச் சொன்னார்கள்.

அந்த இசையமைப்பாளரே எங்கள் ஆண்டு விழாவுக்கு வருகிறார் என்றதும் கிளப்புக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய மெட்டை அவரே கோல் பிடித்து நடத்துவதாக ஏற்பாடு. நான் பஸ்ஸில் திண்டிவனம் போய், அங்கிருந்து அவர் காரிலேயே ஏறி வழிகாட்டி அழைத்து வர வேண்டும்.

"நோட்ஸ் எழுதின ஆளு நீதானே மேன், நீ போறதுதான் கரெக்ட்," என்றார் துரை. எனக்கும் பெருமை பிடிபடவில்லை.

திண்டிவனம் கடைத்தெருவில், காபி ஹோட்டல் வாசலில் அவர் கார் நின்றது. பெரிய மனுஷன் பின்சீட்டில் தன் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். கூட்டேரிப்பட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி, வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கி எங்கள் நடுவில் வைத்துக்கொண்டார். உரித்துத் தின்றுகொண்டே அந்த மெட்டை முனகினார். முழங்காலில் தாளம் போட்டார். நானும் கூடவே மனசுக்குள் வாசித்துக்கொண்டு வந்தேன். குதி வருகிற இடம் வந்தது. நான் தாவிவிட்டேன். அவர் தாவவில்லை. வாயை மூடிக்கொண்டு, நாலு விரலை நீட்டி, ஒவ்வொன்றாக மடக்கினார். நாலும் மடங்கின பிறகுதான் அடுத்த அடியை எடுத்தார்.

"கவனிச்சீங்களா? இங்க நாலு எண்ணிக்கை எல்லாரையும் நிறுத்திட்டேன். டிரம்ஸ்காரர் மட்டும் கம்பி பிரஷ்ஷால டிரம்மை லேசா தடவுவாரு. படம் எடுத்தவரு இது எதுக்குன்னு சண்டைக்கே வந்துட்டாரு. நான் விடலியே! பாட்டுக்கு உயிரே அங்கதாங்க இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பிளேட்டு, புதுச்சேரியில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினது. அந்த இடத்தில் முள் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். பழைய பிளேட்டு என்றால் இருக்கிற சத்தம்தானே என்று விட்டுவிட்டேன். அடப்பாவி! அது கீறல். முள் அங்கே எகிறிக் குதித்து அவருடைய நாலு எண்ணிக்கையையும் விழுங்கியிருக்கிறது. நான் அந்தக் கீறலையே நோட்ஸாக எழுதி, பதினாலு பேருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்து, ஒரு ஊரையே குதிக்க வைத்திருக்கிறேன்.

"என்ன, ஒரு கடலைகூட எடுக்கலியே? உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

சொல்லியிருக்கலாம். மனுஷன் தங்கமானவர். ஆனால் விக்கிரவாண்டி தாண்டுகிறவரை வாயைத் திறப்பதும் மூடுவதுமாகவே வந்தேன். கண்டமங்கலத்துக்காரரின் சைக்கிள்தான் கண் முன்னால் நின்றது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள் என்னை. பயந்தாங்கொள்ளிக்கு வசதியான பழமொழி அது.

கிளப்பில் தோரணம், கூட்டம், அதிகாரிகள் குடும்பத்தோடு. வெள்ளைக் கோட்டில் துரை மேடை ஓரமாக நின்றிருந்தார். கிட்டே போனேன்.

"சார், ஒரு விசயம் சொல்லணும்."

"நோ டாக்கிங், மேன். கெஸ்ட் வந்தாச்சு. ஜல்தி, சேர்ல உட்காரு!"

இந்தக் குதி வர இடத்துல நாலு எண்ணிக்கை நில்லுங்க என்று ஒரு வரி சொன்னால் போதும். பென்சிலால் பதினாலு தாளிலும் ஒரு கோடு போட்டிருக்கலாம். கால் என்னைத் தூக்கிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தது. சாக்ஸபோனைக் கையில் எடுத்தேன்.

மற்ற பாட்டுகளை எப்படி வாசித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. கடைசியாக துரை தன் கோலை விருந்தாளியிடம் கொடுத்துவிட்டு பியானோ பக்கம் ஒதுங்கினார். கீழே ஜோடிகள் ஆடத் தயாராக நின்றன. அவர் கோலை வீசினதும் மெட்டு ஜம்மென்று கிளம்பியது. அந்த இடம் வந்தது. அவர் கோலைத் தாழ்த்தி, இடது உள்ளங்கையை உயர்த்தினார். எல்லாரும் நிற்க வேண்டும் என்று அர்த்தம். நாலு வருஷப் பழக்கம் நிற்குமா? பேண்டு மொத்தமும் அவர் கையைத் தாண்டி அடுத்த அடிக்குப் பாய்ந்தது. கீழே ஜோடிகள் மொத்தமும் தொம்மென்று ஒரே குதி. நான் மட்டும் ஊதவில்லை. எனக்கு மட்டும்தானே தெரியும்!

அவர் கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு கோலால் ஸ்டாண்டைத் தட்டி நிறுத்தினார்.

"இந்த நோட்ஸ் யார் எழுதினது?"

குரலில் கோபமா, வேடிக்கையா, எனக்குப் பிடிபடவில்லை. பேண்டில் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். எழுந்திருடா என்றது மனசு. தொடை நகரவில்லை. துரை என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஓரடி முன்னால் வந்தார்.

"நான்தான் சார். மை மிஸ்டேக்."

இசையமைப்பாளர் கடகடவென்று சிரித்துவிட்டார். "பிளேட்டுல கீறல் இருந்திருக்கும் சார். எங்க பாட்டுக்கு வர்ற தலையெழுத்து அது! அதனால என்ன, மறுபடியும் எடுக்கலாம். இங்க நாலு எண்ணிக்கை நில்லுங்க." மறுபடி வாசித்தோம். நின்றோம். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அவருக்கு மாலை போட்டார்கள். போகும்போது என் தோளைத் தட்டி, "உடம்பைப் பார்த்துக்கங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அந்தத் தப்பு அவ்வளவு சின்ன விஷயம்.

அடுத்த புதன்கிழமை பயிற்சிக்குப் போனால், ஸ்டாண்டில் துரையின் கோல் மட்டும் படுத்திருந்தது. அவர் இல்லை. வெளியாள் முன்னால் தப்பு என்று ஒப்புக்கொண்டவர், கோலை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் போட்ட சட்டம், அவருக்கும் சேர்த்துத்தான்.

அவர் வீட்டுக்கு ஓடினேன். மனுஷன் குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சார், அது நான் பண்ண தப்பு சார். கார்ல வந்துக்கினு இருக்கும்போதே எனக்குத் தெரியும். பயந்துட்டேன் சார். நான் போயிடறேன், நீங்க வாங்க."

"யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியாதா மேன்?" அவர் நிமிரவில்லை. "அவர் கேட்டதும் நான் உன்னைப் பார்த்தேன். ஒன், டூ, த்ரீ, ஃபோர். நாலு எண்ணினேன். எழுந்திருந்தா உன்னை அனுப்பியிருக்க மாட்டேன். தப்புன்னு எழுந்து சொல்றவனை எந்த மடையன் அனுப்புவான்? இது வரைக்கும் ஒருத்தனும் எழுந்து சொன்னதில்ல."

"சாக்ஸபோனை வச்சிட்டுப் போறேன் சார்."

"வச்சிக்கோ. நல்லாதான் ஊதறே."

செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். மறு வருஷம் அவரும் கப்பலேறிவிட்டார். வழியனுப்ப நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அதற்கும் பயம்தான்.

நாற்காலி என்னிடமே இருந்தது. அறுபதுகளின் கடைசியில் பேண்டு கலைகிறவரை அதில்தான் உட்கார்ந்து ஊதினேன். அந்த மெட்டு வரும்போது எல்லாரும் நிற்பார்கள். டிரம்ஸ்காரர் மட்டும் பிரஷ்ஷால் தடவுவார். ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று மனசுக்குள் துரையின் குரல் எண்ணும். ஒவ்வொரு தடவையும் என் கால் எழுந்திருக்கப் பார்க்கும். நாலு முடிந்ததும், உட்கார்ந்தபடியே ஊத ஆரம்பிப்பேன்.