மாமியார் காலில் இருந்த கிருமி

அந்த வீட்டு மருமகளுக்கு நோய்க்கிருமிகளின் மரபணுக்களை ஆராய்வதுதான் வேலை. புண்ணில் சீழ்பிடிக்க வைக்கும் ஒரே கிருமியோடு பதினான்கு வருடமாக மாரடித்துக்கொண்டிருந்தார். மாமியாரின் குதிகால் புண் இரண்டு மாதமாக ஆறாமல் போகவே, மருத்துவர் எடுத்த சீழ் மருமகளின் ஆய்வகத்துக்கே வந்தது.

சோதித்தால், நஞ்சை உண்டாக்கும் மரபணு ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. அதுவரை பார்த்த எண்ணூறு மாதிரிகளில் எதிலும் அப்படி இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று கணவரிடம் கேட்டார். "என்னை இதுல இழுக்காதே" என்று அவர் நழுவிவிட்டார்.

"அத்தை, உங்க கால்ல இருக்கற கிருமிக்கு விஷம் கொஞ்சம் ஜாஸ்தி."

"கொஞ்சம்னா?"

"மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு இருக்கலாம்."

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் நாத்தனாருக்கும் போன வருஷம் புண்ணு வந்துச்சே, அவளுக்கு?"

"அதையும் பார்த்தோம். சாதாரணக் கிருமிதான்."

"அதானே பார்த்தேன்."

எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று மருமகளே கண்டுபிடித்தார். ஒரு மாதத்தில் புண் ஆறியது. ஆய்வுக் கட்டுரையில் பெயர் போடக் கூடாது என்பதால், 'பெண், வயது அறுபத்தெட்டு' என்று அச்சானது. அறுபத்தேழுதான் முடிந்திருக்கிறது என்று மாமியார் இரண்டு நாள் பேசவில்லை.