பலகை ஏறிய குதிகால்

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குழியில் லாரிக்குக் கல் ஏற்றும் கும்பலில் வீரமுத்துவுக்குத் தனிக் கெத்து. தலையில் கல்கூடையோடு, குதிகால் படாமல் முன்பாதத்திலேயே சாய்வுப் பலகையில் ஏறிவிடுவான். இளவட்டமாக இருந்தபோது குதிகாலுக்கு மேலே நரம்பு பிசகி, எண்ணெய் தேய்த்துப் படுத்து எழுந்தவன். ஐம்பதைத் தாண்டிய பிறகும் அதே கால்தான் தனக்கு இருப்பதாக நம்பினான், மடையன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் அந்த வலி திரும்பி வந்தது. படுக்க வழியில்லை. ஆள் படுத்தால் அவன் வீட்டிலிருந்து இன்னொருவர் வந்து கூடை தூக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும் என்பது கும்பலின் வழக்கம். மனைவி செத்துப்போய், வீட்டில் இருந்தது மகள் சிந்தாமணி மட்டும்.

"எம் பொண்ணு இந்தப் பலகையில கால் வைக்கறதை நான் பாக்க மாட்டேன்" என்றான்.

டவுனில் ஒரு டாக்டர் வலித்த இடத்திலேயே ஊசி குத்தினார். மறுநாளே வலி போன இடம் தெரியவில்லை. வலி போனால் நோயும் போச்சு என்று நினைத்தான். திரும்ப வலித்தபோதெல்லாம் ஓடிப்போய்க் குத்திக்கொண்டான். வயதில் காய்ந்துபோன நரம்பை அந்த மருந்து உள்ளுக்குள் இன்னும் நைத்தது. குத்தியவர் அதைச் சொல்லவில்லை.

கும்பலில் செல்லமுத்துவுக்கும் அதே வலி. வயசுப் பையன். அண்ணனை அனுப்பிவிட்டு வீட்டில் கிடந்து, முழுசாகத் தேறி வந்தான்.

"என்னடா, புள்ள பெத்தவளாட்டம் படுத்துட்டு வர்ற?" என்று வீரமுத்து எல்லாரும் சிரிக்கக் கேட்டான்.

மாசியில் ஒரு நாள், பாதிப் பலகையில், பின்னங்காலில் கல் விழுந்த மாதிரி இருந்தது.

"எவன்டா அடிச்சது?" என்று திரும்பினான். பின்னால் ஒருவரும் இல்லை. நரம்பு அறுந்திருந்தது.

நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். அந்த வாரமே மேஸ்திரி ஆள் அனுப்ப, சிந்தாமணி கூடையை எடுத்துக்கொண்டு போனாள். மாதக்கணக்கில் கிடந்து கட்டை அவிழ்த்தபோது கெண்டைக்கால் சூம்பியிருந்தது. நரம்பு சேர்ந்திருந்தது, ஆனால் தொளதொளவென்று. குதிகாலைத் தூக்க முடியவில்லை. ஊசி போடச் சொல்லி அதே டவுன் டாக்டரிடம் போனான்.

"வலிக்குதா?"

"இல்லீங்க சார்."

"அப்புறம் ஊசி எதுக்குய்யா?"

மூன்றாம் வருஷம் சிந்தாமணி நொண்டிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, குதிகாலுக்கு மேல சுருக்குனு இழுக்குது."

அவளுக்குச் சின்ன வயசு, படுத்தால் சேர்ந்துவிடும். செல்லமுத்துவுக்குச் சேர்ந்ததே.

"கொஞ்ச நாளு வூட்டுல படுத்துக்கம்மா."

"எடத்துக்கு நீ போறியா?"

வீரமுத்து சூம்பிய காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டான்.

"காலைல மொத பஸ்ஸுலயே போயிடு. அந்த டாக்டர்கிட்ட அப்ப கூட்டம் இருக்காது."