காலண்டரின் அடியில் இருந்த எண்

எனக்கு வாய் நீளம். அதைச் சொல்லிச் சொல்லியே அம்மா அலுத்துப்போனாள். அவளை அடக்கம் செய்த அன்று, சபையார் அத்தனை பேர் முன்னாலும் என் தம்பியைப் பார்த்து, "பெத்தவ மொகத்தப் பாக்க வராத நீயெல்லாம் மனுசனாலே?" என்று கேட்டேன்.

தம்பி சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிறான். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அன்று விடிந்ததும் அம்மா போய்விட்டாள். அவன் போனுக்குப் பதினோரு தடவை அடித்தேன். ஆள் அனுப்பலாம் என்றார் சித்தப்பா. எடுக்காதவனுக்கு ஆள் எதற்கு என்று நான்தான் தடுத்தேன். சாயங்காலம் அவன் ஓடிவந்தபோது குழியை மூடியிருந்தோம்.

கல்லறைக் கல்லில் பிள்ளைகள் பெயரை வெட்டுவது எங்கள் வழக்கம். என் பெயரை மட்டும் வெட்டச் சொன்னேன்.

அதன் பிறகு ஒரு வருஷம் பேச்சில்லை. கூடப் பிறந்தவரோடு மனத்தாங்கல் இருந்தால் கோயிலில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் எடுக்கக் கூடாது என்பது அம்மா வளர்த்த வளர்ப்பு. எல்லோரும் எழுந்து போகும்போது அவன் ஆண்கள் பக்கமும் நான் பெண்கள் பக்கமும் அப்படியே உட்கார்ந்திருப்போம். ஊர் பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை ஜன்னல் கம்பி அதிர்ந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. தெருவில் எல்லோரும் மேற்கே பார்த்து நின்றார்கள். வெள்ளைப் புகை எழும்பி, கலையாமல் நின்றது. எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை.

அவன் போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ஆண்டவரே, அவனோடு ஒரு தடவை பேச விடும் என்று அழுதேன். பிறகு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் தொங்கிய கம்பெனிக் காலண்டரைப் பார்த்து, அடியில் அச்சடித்திருந்த ஆபீஸ் நம்பருக்கு அடித்தேன். வெடித்தது வேறு கம்பெனி என்று சொல்லி, அவனைப் போனுக்குக் கூப்பிட்டு விட்டார்கள்.

"ஏலே, நல்லா இருக்கியா?"

"இருக்கேன். இந்த நம்பர் யாரு குடுத்தா?"

"காலண்டர்ல இருந்துச்சு."

"எந்தக் காலண்டர்?"

பொய் சொல்லியிருக்கலாம். "போன வருசம் நீ கொண்டாந்து குடுத்தது."

"அப்ப அம்மா செத்த அன்னைக்கும் அங்கனதான் தொங்குச்சு," என்றான்.

"தொங்குச்சுலே. கண்ணுலயும் பட்டுச்சு. நீயா எடுக்கணும்னு ஒரு வீம்பு."

வைத்துவிட்டான்.

மனம் கலங்கியவனை மருந்து அறைக்குள் விடக் கூடாது என்பார்கள். கலங்கடித்தவள் நான். மறுநாள் கல் வெட்டுகிறவர் வீடு வரை போனேன். புகை பார்த்த மறுநாளே கல்லறைக் கல்லில் அவன் பெயரை வெட்டச் சொல்ல நா எழவில்லை. திரும்பிவிட்டேன். சனிக்கிழமையும் கலவை வேலை முடிந்து வெயில் ஏறும்வரை மேற்கேதான் காது.

ஞாயிறு திருவிருந்துக்கு முன் அவன் பெண்கள் பக்கம் வந்து என் முன்னால் நின்றான்.

"மன்னிச்சாச்சு. கோவம் இன்னும் போகலக்கா. ஆனா நாளைக்குக் கலவைக்குப் போகணும். இதையும் சுமந்துக்கிட்டு அந்த ரூமுக்குள்ள போனா கை நடுங்குது. எந்திரி."

எழுந்து அவன் கையைப் பிடித்தேன். நடுக்கம் நிற்கவில்லை.