மாமா எடுத்த கனத்த பிஸ்டல்

எங்கள் குடும்பத்தில் துப்பாக்கி பிடித்தவர் மாமா ஒருவர்தான். அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு காலைப்பொழுது. அதோடு அவருக்கு வேலை போயிற்று. போக வைத்தது நான். அப்போது எனக்கு வயது ஒன்பது. வாய்க்கு மட்டும் பத்தொன்பது இருக்கும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அமீரகத்தில் ருவைஸ் என்கிற ஊரில் நாங்கள் குடும்பத்தோடு ஒரு பிளாட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியின் டைம் ஆபீசில் வேலை. அதே கம்பெனியில் மாமா ஆர்கான் வெல்டர். கேம்பில் ஆறு பேர் இருக்கும் ரூமில் தங்கியிருந்தார். அத்தையும் இரண்டு பெண்களும் திருச்செந்தூர்ப் பக்கம் ஊரில் இருந்தார்கள். மூத்தவள் அந்த வருஷம்தான் நர்சிங் சேர்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமையானால் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து மீன்குழம்பு சாப்பிடுவார், என்னைச் சீண்டி அழவைப்பார், சாயங்கால பஸ்ஸில் கேம்புக்குத் திரும்பிவிடுவார்.

அவருடைய கைக்கு சைட்டில் தனி மரியாதை. ஆர்கான் வெல்டிங்கில் டார்ச்சின் முனை இரும்பைத் தொடவும் கூடாது, விலகவும் கூடாது. நூல் கனத்துக்கு இடைவெளி விட்டு பைப்பைச் சுற்றி வரவேண்டும். மாமா சுண்டுவிரலைப் பைப்பின் மேல் ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி சுற்றி வருவாராம். அவர் போட்ட ஜாயிண்ட் எக்ஸ்ரேயில் தவறிப் போனதே இல்லை என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். மச்சினன் கை அப்பாவுக்குத் தன் கை மாதிரி.

அந்தக் கைதான் அந்த வருஷம் நடுங்க ஆரம்பித்திருந்தது. மாமா யாரிடமும் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெல்டருக்கு டெஸ்ட் உண்டு, மெடிக்கலும் உண்டு. கை ஆடுகிறது என்று ஒருவருக்குத் தெரிந்தால் போதும், டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். ஊன்றிய சுண்டுவிரல் பைப்பை விட்டு எழாத வரைக்கும் நடுக்கம் வெளியே தெரியாது. மூத்தவள் படிப்பு முடிய இன்னும் மூன்று வருஷம், அதுவரை ஓட்டிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தாராம். இதெல்லாம் வெகுகாலம் கழித்து அத்தை சொல்லித் தெரிந்துகொண்டவை.

எனக்கு அப்போது தெரிந்தது வேறு. மாமா டீயை அரைக் கிளாஸ்தான் ஊற்றச் சொல்வார். அதையும் இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பார். குளிருதா மாமா என்று கேட்டால், உங்க வீட்டு ஏசி கூடுதல்ட்டி என்பார். புறப்படும்போது சட்டைப் பொத்தானை என்னைப் போட்டுவிடச் சொல்வார். கூலியாக ஒரு சாக்லேட் கிடைக்கும். அவர் கை ஆடுவது எனக்குத் தெரியும். அதை வெளியே சொல்லக்கூடாது என்பது மட்டும் தெரியாது.

அந்த வருஷ முடிவில் கம்பெனி ஒரு விளையாட்டு நாள் வைத்தது. வழக்கமான கிரிக்கெட்டும் கயிறு இழுத்தலும் அலுத்துப்போய், அபுதாபியில் ஒரு துப்பாக்கி கிளப்பில் செக்ஷனுக்கு ஒருவர் என்று பிஸ்டல் போட்டி. பத்து மீட்டர், பத்துக் குண்டு, சும்மா ஒரு கோப்பை. ஃபேப்ரிகேஷன் செக்ஷனுக்கு மாமா பெயரைக் கொடுத்தது அப்பாதான். மாமா எத்தனையோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். கண்ணு சரியில்ல அத்தான் என்றார், முதுகுவலி என்றார். அப்பா கேட்கவில்லை.

“ஒங் கைய விட்டா வேற ஆரு கை இருக்கு மாப்ள?” என்றார் அப்பா.

அதற்கு மேல் மறுத்தால் ஏன் என்று கேள்வி வரும். மாமா சரி என்று தலையாட்டினார்.

இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போனோம். கிளப்பில் முதலில் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேசையில் மூன்று வைத்திருந்தார்கள். பயிற்சியாளர் பாகிஸ்தான்காரர், பொறுமைசாலி. குண்டில்லாத பிஸ்டலை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து ஹிந்தியில் விளக்கினார். கைப்பிடி உள்ளங்கையில் நிறைய வேண்டும், ஆள்காட்டி விரலின் முதல் கணு எட்டிப் பிடிக்காமல் விசையில் படியவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நீட்டுங்கள், பிறகு திறந்து பாருங்கள், முனையில் இருக்கும் குமிழ் பின்னால் இருக்கும் பள்ளத்தில் தானாக உட்கார்ந்திருந்தால் அதுதான் உங்கள் துப்பாக்கி என்றார். பெண் பார்க்கிற மாதிரி இருக்கிறதே என்று ஸ்டோர் கீப்பர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

புதியவர்களுக்கு டூ-டூ என்கிற சின்னக் குண்டுப் பிஸ்டல்தான் நல்லது என்பது பயிற்சியாளர் கட்சி. நீண்ட குழல், மெல்லிய சத்தம், தூக்கி அடிக்காது, விசை தொட்டாலே விழும். எல்லோரும் அதையே எடுத்தார்கள். மாமாவும் அதைத்தான் முதலில் எடுத்தார். கண்ணை மூடினார், நீட்டினார், திறந்தார். குழல் முனை சின்னச் சின்ன வட்டம் போட்டது. உடனே கீழே வைத்துவிட்டார். இரண்டாவது, பிளாஸ்டிக் உடம்பு, இறகு போலக் கனமில்லாதது. அதைத் தொடவே இல்லை. மூன்றாவதாக இருந்த கனத்த இரும்பு நைன் எம்எம்மை எடுத்தார். கைக்குப் பெரிசு, விசையும் இறுக்கம், வெடித்தால் தோள் வரைக்கும் உதறும், போட்டிக்கு வேண்டாம் என்று பயிற்சியாளர் தலையைத் தலையை ஆட்டினார். மாமா சிரித்தபடி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாப்ளக்கி எப்பவும் கெத்துதான் என்று அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

இப்போது யோசித்தால், அன்றைக்கு அந்த ஹாலில் மாமாவைப் போலத் துப்பாக்கி தேர்ந்தெடுத்தவர் யாருமில்லை. கனம் கையை அமுக்கும். இறுக்கமான விசை, நடுங்கும் விரலுக்குத் தானாக விழாது. அதைவிட முக்கியம், நைன் எம்எம் வெடித்தால் யார் கையானாலும் ஆடும். எல்லோர் கையும் ஆடுகிற இடத்தில் ஒருவர் கையைத் தனியாக யார் பார்க்கப் போகிறார்கள்? மற்றவர்கள் ஜெயிப்பதற்கு எடுத்தார்கள். அவர் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்தார்.

குடும்பங்களைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். சுடுகிறவர்கள் காதில் பெரிய மூடியோடு அந்தப் பக்கம் நின்றார்கள். மாமாவின் முதல் இரண்டு குண்டு தாளிலேயே படவில்லை. அடுத்தது ஓரத்தில் பட்டது. மாமா குனிந்து, பழக்கதோஷத்தில், சுண்டுவிரலை முன்னாலிருந்த மேடையின் விளிம்பில் ஊன்றினார். நான்காவது குண்டு நடு வட்டத்தில் போய் விழுந்தது. நான் துள்ளினேன். ஐந்தாவதையும் ஊன்றியே சுட்டார். பயிற்சியாளர் வந்து அவர் தோளைத் தட்டி, மேடையில் கை வைக்கக்கூடாது என்று மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். இதென்ன நியாயம்? வேலை செய்யும்போது ஊன்றுகிற கையை இங்கே மட்டும் ஏன் ஊன்றக்கூடாது? பக்கத்து வரிசையில் கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் இருந்தார். வெள்ளைக்காரர், நல்ல மனிதர், பஸ்ஸில் எனக்கு மிட்டாய் கொடுத்தவர். நேராக அவரிடம் போனேன். பள்ளிக்கூடத்தில் எலக்யூஷன் பரிசு வாங்கிய இங்கிலீஷ் கையில் இருக்க, யாரைக் கேட்க வேண்டும்?

மாமாவைக் கை வைத்துச் சுட விடச் சொல்லுங்கள் என்றேன். அவருக்குக் கை எப்போதும் ஆடும், வீட்டில் டீ குடிக்கும்போது கூட ஆடும், அரைக் கிளாஸ்தான் குடிப்பார், பொத்தான் நான்தான் போட்டுவிடுவேன் என்றேன். அவர் தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கம் முழுசாகத் திரும்பினார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். ரம்ஜான் லீவிலிருந்து என்றேன். எப்படி ஆடும் என்று கேட்டார். பெரியவர் ஒருவர் என் பேச்சை அவ்வளவு கவனமாகக் கேட்டது அதுவே முதல் தடவை. நான் வலது கையை நீட்டி, விரல்களை நடுக்கிக் காட்டினேன்.

அந்த நேரம் பார்த்து மாமா திரும்பினார். சத்தம் எதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சேஃப்டி ஆபீசரின் முகத்துக்கு நேராக என் கை ஆடிக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்தார். பிஸ்டலை மெதுவாக மேடையில் வைத்தார். காது மூடியைக் கழற்றினார். ஐந்து குண்டு பாக்கி இருந்தது. பயிற்சியாளர் கூப்பிடக் கூப்பிட வெளியே வந்துவிட்டார்.

சேஃப்டி ஆபீசரைக் குறை சொல்ல முடியாது. உயரத்தில் சாரத்தின் மேல் நெருப்போடு நிற்கிற ஆளுக்குக் கை ஆடுகிறது என்று தெரிந்தபின் அவர் சும்மா இருக்க முடியுமா? அடுத்த வாரம் மெடிக்கலுக்கு அனுப்பினார்கள். மாதம் முடிவதற்குள் கலாஸ், வேலை முடிந்தது, ஊருக்கு டிக்கெட். ஏர்போர்ட்டில் அப்பா மாமாவைக் கட்டிக்கொண்டு அழுதார். பெயர் கொடுத்தது தான்தானே என்று பல வருஷம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். மாமா ஒரு நாளும் அவரைத் திருத்தவில்லை, நான் என்ன சொன்னேன் என்றும் சொல்லவில்லை. மூத்தவள் படிப்பு இரண்டாம் வருஷத்தோடு நின்றது. இப்போது ஊரில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். என்னைக் கண்டால் அவளாகவே வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். அது எனக்குத் தாங்காது.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் மாமா பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். கோப்பை ஸ்டோர் கீப்பருக்குப் போயிருந்தது. உங்களுக்காக நான் பேசினேன் மாமா, பார்த்தீங்களா என்று கேட்டேன். அவர் கையை என் தலைமேல் வைத்தார். அது ஆடிக்கொண்டிருந்தது. முதல்முறையாக அதை அவர் மறைக்கவில்லை.

“ஏட்டி, நீ இங்கிலீஷ் நல்லா பேசுத,” என்றார்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் அதை ஓடிப்போய்ச் சொன்னேன், மாமாவே பாராட்டினார் என்று.