எரர் வராத பேட்ச்

இன்று காலை நடந்தது இவ்வளவுதான்:

1. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நான் நடத்தும் ஜாவா வகுப்பில், ஒரு பெண்ணின் புரோகிராம் முதல் தடவையிலேயே ஓடியது.
2. முதல் வாரத்தில் எவருடையதும் அப்படி ஓடாது. எனக்குச் சந்தேகம் வந்தது.
3. அது படிக்க வேண்டிய கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். அப்போதும் ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்றது.
4. உள்ளே திறந்து பார்த்தேன். பிழை நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.
5. யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். ஏஐயிடம் எரர் எதுவும் வரக்கூடாது என்று சொன்னதாகவும் அது இப்படி எழுதித் தந்ததாகவும் சொன்னாள்.
6. அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன்.

கணினி படிக்காதவர்களுக்கு நான்காவதை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில் ஏதாவது கோளாறு வந்தால் அது நின்று, திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் கத்தும். கத்துவதற்கு முன்னால் அதைப் பிடித்து, என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒரு வழி உண்டு. அதற்கு ‘கேட்ச்’ என்று பெயர். பிடித்துவிட்டு ஒன்றுமே செய்யாமல் விட்டால், கோளாறு அப்படியே இருக்கும். சத்தம் மட்டும் வராது. நோயாளி கத்தாமலிருக்க வாயில் துணியைத் திணிப்பது போல.

தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் யாரோ தேங்காய்ச் சட்னியைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். லேசாகப் புளித்த வாடை. அந்த வாடை எனக்குச் சட்னியை அல்ல, திருவனந்தபுரத்துப் பழவங்காடியைத்தான் நினைவுபடுத்தும். அங்கே பிள்ளையாருக்கு நாள் முழுவதும் தேங்காய் உடைப்பார்கள். வெயில் ஏற ஏற அந்தத் தண்ணீர் புளிக்கும். எதிரே ஒரு மாடியில்தான் நான் கம்ப்யூட்டர் படித்தேன். கல்லூரியில் படித்ததைச் சொல்லவில்லை. அங்கே வாங்கியது பட்டம். எழுதக் கற்றுக்கொண்டது, ஜன்னல் வழியாகத் தேங்காய் வாடை வந்த அந்த அறையில்தான்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. புரோகிராமை ஓட்டும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்போம். கீழே ஒரு தேங்காய் உடையும் சத்தம் கேட்டதும் அழுத்துவோம். சத்தமும் அழுத்தலும் ஒன்றாக விழுந்தால் எரர் வராது என்று நம்பிக்கை. பொறியியல் படித்தவர்கள் நாங்கள், மறந்துவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் அதிகம், தேங்காயும் அதிகம். ஆகவே கடினமான பாடங்களைச் செவ்வாய்க்கு ஒதுக்கி வைப்போம்.

அங்கே மாணவர்களில் பாதிப் பேருக்குத்தான் கம்ப்யூட்டர் இருந்தது. வகுப்பை நடத்திய ஷிபு சார் அதற்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். ஒருவர் டிரைவர், அவர் மட்டும்தான் தட்டச்சு செய்யலாம். மற்றவர் கிளி. இந்த ஊர்ப் பேருந்துகளில் கதவோரம் தொங்கிக்கொண்டு மணியடிப்பவரைக் கிளி என்பார்கள். எங்கள் கிளியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், தொடக்கூடாது. திரையில் சிவப்பு வந்தால் டிரைவர் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். அவர் எழும்போது வகுப்பே சேர்ந்து பேருந்தில் கூவுவது போல ராகம் இழுக்கும்: “ஆளிறங்ஙானுண்டே!”

ஆள் இறங்க வேண்டும், அவ்வளவுதான் அர்த்தம். முதல் நாள் நானும் சிரித்தேன். இரண்டாம் நாள் இறங்கியது நான்.

எனக்கு ஜோடி இசக்கியம்மாள். அவளுடைய அப்பா சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மண்டியில் மூட்டை இறக்குபவர். என் அப்பா அதே தெருவில் ஜவுளிக்கடை ஒன்றில் குமாஸ்தா. அவர்கள் பணகுடிப் பக்கம், நாங்கள் நாகர்கோவில் பக்கம். வீட்டில் பேசிய தமிழ்கூட வேறுவேறுதான். ஆனால் சாருக்கு இரண்டும் ஒன்று. எங்களைச் சேர்த்து உட்கார வைத்து, எங்கள் மேசைக்குப் ‘பாண்டி லாரி’ என்று பெயரும் வைத்தார். தமிழர்களை இங்கே கேலியாகப் பாண்டி என்பார்கள். நல்ல பெயர் என்று எல்லாருக்கும் தோன்றியது. படிப்பு முடியும்வரை அந்தப் பெயர்தான்.

இசக்கிக்கு அந்த வகுப்பு வேறு விதமாக முக்கியம். அவளுடைய அப்பாவுக்கு முதுகு போய்விட்டது. மூட்டை தூக்க முடியாவிட்டால் சாலையில் இருந்து என்ன செய்வது, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. வகுப்பு முடிவில் ஒரு கம்பெனி ஆள் எடுக்க வரும். அதில் இவளை எடுத்தால் குடும்பம் இங்கேயே இருக்கும். எடுக்காவிட்டால் பணகுடி. அவள் பிறந்ததும் படித்ததும் திருவனந்தபுரத்தில். பணகுடியில் அவளுக்குத் தெரிந்தது ஒரு கோயில் கொடைத் திருவிழா மட்டும்தான்.

முதலில் சில வாரங்கள் நாங்கள் சீசாப் பலகை போல மாறி மாறி இறங்கினோம். நான்தான் அதிகம் இறங்கினேன் என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் இசக்கி ஒரு எண்ணைப் பூஜ்யத்தால் வகுக்கவிட்டுவிட்டாள். திரை சிவந்தது. சார் எங்கள் பின்னால் வந்து நின்றார். அவர் கத்த மாட்டார். தேய்த்த சட்டையும் சந்தனமுமாக, மெதுவாகப் பேசுவார். எங்களிடம் பேசுவதற்கென்று ஒரு தமிழ் வைத்திருந்தார்.

“எசக்கி, சாலையில மூட்டைக்கு எரர் வராது கேட்டோ. விழுந்தா எடுத்து வச்சா மதி.”

எடுத்து வைத்தால் போதுமாம். வகுப்பு சிரித்தது. அவளுடைய அப்பாவின் வேலை எல்லாருக்கும் தெரியும், சேரும் அன்று சாரே எல்லாரையும் எழுப்பிச் சொல்ல வைத்தார். இசக்கி அழவில்லை. அவளுடைய காது மடல்கள் மட்டும் சிவந்தன. எழுந்து கிளி நாற்காலிக்கு வந்தாள்.

அடுத்த வாரம் அவள் இறங்கவே இல்லை. அதற்கடுத்த வாரமும். சார் இன்னும் நடத்தாத பாடத்தைப் புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்து அவளாகவே படித்திருந்தாள். கேட்ச் எப்படி எழுதுவது என்று அதில் ஒரு மாதிரி இருந்தது. நடுவில் ஒரு காலி இடம், அதற்குள் ‘உங்கள் தேவைக்கேற்ப எழுதிக்கொள்ளவும்’ என்று ஒரு குறிப்பு. அவளுக்குத் தேவை எதுவும் இல்லை. சிவப்பு வரக்கூடாது, அவ்வளவுதான். காலியாகவே விட்டாள். எந்தப் புரோகிராம் எழுதினாலும் முதலில் அந்தக் காலி கேட்ச்சைச் சட்டை போல மாட்டிவிட்டுத்தான் மற்றது.

எனக்கு அப்போது அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. என் கவலை வேறு: கீபோர்டைத் தொட்டே நாளாயிற்று.

“ஏட்டி, ஒரு தப்பாவது பண்ணு. என் வெரலெல்லாம் மரத்துப் போச்சு” என்றேன்.

“இங்க எறங்குனா பெறவு பணகுடியிலதான் எறங்கணும்” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் வேறு வழியின்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுதுவதை வரிவரியாக, பக்கவாட்டிலிருந்து. கழுத்து சுளுக்கிக்கொள்ளும். அடுத்தவர் எழுதியதைப் படிக்கும் பழக்கம் எனக்கு அப்படி வந்ததுதான். இன்று அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன் என்றால் ஷிபு சாரின் முறையைப் புகழ்வது போல ஆகிவிடும். புகழவில்லை.

விஷயம் மற்ற மேசைகளுக்குப் பரவியது. இசக்கி யாருக்கும் மறுக்கவில்லை. பாண்டி லாரி என்று கூப்பிட்டவர்கள் இப்போது இடைவேளையில் பக்கத்தில் வந்து நின்று, ஒன்று காட்டித் தரச் சொல்லிக் கேட்டார்கள். அவள் காட்டித் தந்தாள். சில நாட்களில் அந்த அறையில் சிவப்பு எழுத்தே இல்லாமல் போயிற்று. தேங்காய்ச் சத்தத்துக்கு யாரும் காத்திருப்பதில்லை. டிரைவர்கள் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். கிளிகள் கொட்டாவி விட்டோம்.

சார் எதையும் திறந்து படிப்பவர் அல்ல, திரையின் நிறத்தைப் பார்ப்பவர். அவருக்குத் தலைகால் புரியவில்லை. “என்டெ எரர் வராத பேட்ச்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் எங்களைக் கல்லாற்றுக்குச் சுற்றுலா கூட்டிப் போனார். வேனில் எல்லாருக்கும் உப்பேரி என்கிற வாழைக்காய் வறுவல். ஆற்றில் தண்ணீர் குறைவு, பாறைகள் வழுக்கின. சுடிதாரை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு இசக்கி நடு ஆறுவரை போய் நின்றாள். படம் எடுக்கும்போது சார் அவளைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்தினார். இவள்தான் எங்கள் ஸ்டார் என்று வேன் டிரைவரிடம் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் இசக்கி பேசிக்கொண்டே வந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சம்பளம் வந்ததும் அப்பாவுக்கு முதுகு வைத்தியம், பிறகு கரமனைப் பக்கம் வேறு வீடு, ஜன்னல் வைத்தது.

கம்பெனியிலிருந்து வந்தவர் இளவயதுக்காரர், சிரித்த முகம். முதல் மேசையில் உட்கார்ந்து ஒரு புரோகிராமை ஓட்டினார். வெற்றி என்றது. அது படிக்கும் கோப்பை அழித்துவிட்டு ஓட்டினார். வெற்றி என்றது. கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓட்டினார். அப்போதும் வெற்றி. அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கூட வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்த மேசை, அதற்கடுத்த மேசை. எல்லாம் ஒன்றே. கடைசியில் எழுந்து நின்று, இன்னும் சிரித்தபடியே எங்கள் எல்லாரையும் பார்த்துக் கேட்டார்:

“இது ஆருடெ ஐடியா?”

இசக்கி எழுந்து நின்றாள். நிற்கும்போது துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள், படம் எடுக்கும்போது செய்தது போல.

“என்டெ, சார்” என்றாள்.

அவர் தலையாட்டினார். மோளே, ஒரு ஆஸ்பத்திரிக்கு நீ இப்படி எழுதித் தந்தால் மருந்து போய்ச் சேராவிட்டாலும் சேர்ந்தது என்றுதானே சொல்லும் என்று கேட்டார். குரலில் கோபமில்லை. அவள் பதில் சொல்வதற்காக வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் சாரின் பக்கம் திரும்பிவிட்டார்.

“ஈ குட்டி வேண்டா. பாக்கி ஆளுகளெ நோக்காம்.”

இந்தப் பெண் வேண்டாம், மற்றவர்களைப் பார்க்கலாம். அவள் நின்றுகொண்டிருக்கும்போதே சொன்னார். சார், தான் இதைச் சொல்லித் தரவில்லை என்றும், நல்ல பேட்ச்சை இவள் ஒருத்தி கெடுத்துவிட்டாள் என்றும், சாலையிலிருந்து வருகிறவர்கள் இப்படித்தான் என்றும் மெதுவான குரலில் விளக்கினார். இசக்கி பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். கதவருகே போகும்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், அதிகச் சத்தமில்லாமல், ராகத்தோடு இழுத்தது: ஆளிறங்ஙானுண்டே. அறை சிரித்தது. கம்பெனிக்காரரும் சிரித்தார். இந்த ஊர்க்காரர்தானே, அவருக்கும் தெரியும்.

பிறகு எங்கள் ஒவ்வொருவரிடமும் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து, அதில் உள்ள கோளாறைக் கண்டுபிடிக்கச் சொன்னார். தட்டச்சு செய்தே பழகிய டிரைவர்கள் திணறினார்கள். பார்த்துப் பார்த்தே பழகிய எனக்கு அது சுலபமாக இருந்தது.

நான் இறங்கி வந்தபோது இசக்கி கோயில் எதிரே செருப்பு வைக்கும் இடத்தருகே நின்றிருந்தாள். எனக்காகத்தான். யாரோ ஒரு கூடை நிறையத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார், வேண்டுதல் நேர்ச்சையாக இருக்கும்.

“எடுத்துட்டாங்களா ஒன்னய?”

“ம்.”

“நல்லது.” கொஞ்ச நேரம் தேங்காய் உடைவதைப் பார்த்தாள். “அந்த ஆளு சிரிச்சாருல்லா. நல்லதுக்குன்னு நெனச்சேன்.”

நான் பையை மறு தோளுக்கு மாற்றினேன்.

“எல்லாத்துக்கிட்டயும் அதேதான இருந்துது? பின்ன எனக்கு மட்டும் என்னட்டி?”

கேள்வி சரியான கேள்வி. வேலையில் சேர்ந்தபின் இதையே எனக்குள் பலவிதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தப் புரோகிராம்களைப் போல, வெற்றி என்றுதான் ஒவ்வொரு தடவையும் வருகிறது.

அவர்கள் அந்த மாதமே பணகுடிக்குப் போய்விட்டார்கள். என் அப்பா சாலையில் கேட்டுச் சொன்னார்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தேன். சேலை எடுக்கப் போன கடையில், மூன்றாவது மாடியில், அவள் நின்றுகொண்டிருந்தாள். அந்த மாதிரிக் கடைகளில் உட்கார இடம் இருக்காது, கவனித்திருப்பீர்கள். என்னை அடையாளம் தெரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் முதலில் கேட்டது, “என்ன மாதிரி பாக்கீங்க மேடம்?”

நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் சேலையை விரித்துக்கொண்டே, குனிந்தபடி, குரலைத் தாழ்த்தினாள்.

“எடுக்கதுன்னா எடு. இல்லன்னா அடுத்த ஆளப் பாக்கணும். அந்தால சூப்பர்வைசர் நிக்கான்.”

அப்பா எப்படியிருக்கிறார் என்று கேட்டேன். இல்லை என்றாள். மறுபடி சேலையின் முந்தானையை எடுத்துக் காட்டினாள்.

இப்போது நிலவரம் இது. பழவங்காடி மாடியில் மொபைல் உறை விற்கிறார்கள். ஷிபு சார் வீட்டுமனைத் தரகு பார்ப்பதாகக் கேள்வி. ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் என்ற வழக்கம் எங்கும் இல்லை. எல்லாரிடமும் மடிக்கணினி இருக்கிறது, சந்தேகத்தை யாரும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதில்லை. நான் அதே கம்பெனியில் இருக்கிறேன். அந்தச் சிரித்த முகக்காரர் இப்போது என் மேலதிகாரி, நல்ல மனிதர். அவருக்கு இசக்கியை நினைவில்லை.