சுந்தரம்யாளம்

குரோம்பேட்டையில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போடும் கடைக்காரரிடம் போன வாரம் ஒரு பழைய காகிதத்தைக் கொடுத்தேன். இரண்டு ஓரமும் துளை துளையாக, அந்தக் காலத்து டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்த ஒற்றைத் தாள். மை மங்கி, மடித்த இடத்தில் பழுப்பேறியிருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாக்கா இது? சாமியும் இல்ல, போட்டோவும் இல்ல. இதுக்குப் போயி கண்ணாடியா?" என்றார். "எனக்கு இது சாமி மாதிரிதான். பளபளன்னு போட்டுக் குடுங்க" என்றேன். அந்தத் தாளின் நடுவில் ஒரு சொல் இருக்கிறது. எந்த அகராதியிலும் அதைப் பார்க்க முடியாது. அதை உலகத்துக்குத் தந்தவர் எங்கள் டைரக்டர்.

சினிமா டைரக்டர் இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல்மாடியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு டைரக்டர். பெயர் சுந்தரம். தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தேன். கீழே நெய் காய்ச்சினால் மேலே வகுப்பு முழுக்க வாசனை வரும். டைரக்டர் ஏ.சி. அறையை விட்டு வெளியே வரமாட்டார். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "ஃபைன், ஃபைன்" என்பார். இரண்டாம் பக்கத்தை அவர் புரட்டி நான் பார்த்ததில்லை. இன்டர்நெட் இணைப்பு அவர் அறையில் மட்டும்தான், அவர் பெயரில் மட்டும்தான்.

அப்போது எங்கள் சென்டருக்கு ஒரு எழுதும் மென்பொருள் வந்து சேர்ந்தது. எந்தெந்த நாட்டிலோ இருந்த ஆட்கள் கூடி, சும்மா கொடுப்பதற்காகவே செய்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். எல்லாம் இருந்தது, கையேடுதான் இல்லை. அதோடு வந்த குறிப்பில், கையேடு எழுத ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது, பெயர் போடுவோம் என்று இருந்தது. அந்தக் கடைசி வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறெங்கும் என் பெயர் அச்சில் வந்ததில்லை.

எழுதினேன். ஆங்கிலத்தில்தான், ஆனால் எங்கள் ஊர் ஆட்களை வைத்து எழுதினேன். வகுப்புக்கு வரும் குடும்பத்துப் பெண்களில் ஒருவரை மெஷின் முன்னால் உட்காரவைத்து நான் எழுதியதை உரக்கப் படிப்பேன். அவர் கை எங்கே நின்று போகிறதோ அந்த வாக்கியம் தப்பு. அதை அடித்துவிட்டு மறுபடி எழுதுவேன். "ஐயோ மேடம், நான் எதையோ கெடுத்துட்டேன் போல" என்று அவர்கள் பதறும் இடத்தில் எல்லாம் "பயப்படாதீர்கள், ஒன்றும் கெடாது" என்று ஒரு வரி சேர்த்தேன். பயிற்சி வாக்கியங்களில் என் பெயரையே போட்டேன். மாலா குரோம்பேட்டையில் இருக்கிறாள். மாலா தன் ஹேண்ட்பேக்கை தாம்பரம் ரயிலில் விட்டுவிட்டாள். மாலா மழையில் நனைந்தாள். நம் பக்கத்து மொழிகளில் எழுத ஆசைப்படுவோருக்காகத் தமிழ், தெலுங்கு, மலையாளம் எழுத்துகளைச் சேர்ப்பது எப்படி என்றும் ஒரு பகுதி எழுதினேன். பிளாப்பியில் போட்டு டைரக்டரிடம் கொடுத்தேன். அவர் அறையிலிருந்துதானே அனுப்ப முடியும்! முதல் பக்கத்தைப் பார்த்தார். "ஃபைன், ஃபைன். அனுப்பிடறேம்மா" என்றார்.

அனுப்பினார், மகராசன். பிறகு கிண்டியில் ஒரு பெரிய கம்பெனியில் எனக்கு இன்டர்வியூ வந்தது. இதே வேலைதான், மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது. ஏற்கெனவே எழுதியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். எதிரே இருந்த அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டி அந்தக் கையேட்டை எடுத்தார். திரையை என் பக்கம் திருப்பினார். எழுதியவர்: சுந்தரம், குரோம்பேட்டை. "அடுத்தவங்க உழைப்பைச் சொந்தம்னு சொல்றது ரொம்பத் தப்பும்மா" என்றார். நல்ல மனிதர், குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. என் உழைப்பைக் காட்டப் போய் என்னையே திருடி என்று எழுப்பி அனுப்பிவிட்டார்கள்.

நேராக சென்டருக்குப் போனேன். டைரக்டர் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன். ஸ்பூனைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நீ எழுதினா என்ன, நான் எழுதினா என்ன? எல்லாம் சென்டர் பேருக்குத்தானே வருது! உன் பேரைப் போட்டா வெளிநாட்டுக்காரனுக்கு யார்னு தெரியும்?" "உங்க பேரைப் போட்டா மட்டும் தெரியுமா சார்?" என்றேன். "ஓவரா பேசாதம்மா. கிளாஸுக்கு நேரமாச்சு, போ" என்றார். போகவில்லை. மென்பொருளின் புதுப் பதிப்போடு சென்டர் மெஷினில் வந்திருந்த அந்தக் கையேட்டை முழுசாகப் பிரிண்டரில் அடித்து எடுத்துக்கொண்டு, அன்றைக்கே வேலையை விட்டேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலில் அதைப் பரப்பிப் போட்டு, அழுதுகொண்டேதான் படித்தேன். சுந்தரம் குரோம்பேட்டையில் இருக்கிறாள். சுந்தரம் தன் ஹேண்ட்பேக்கை தாம்பரம் ரயிலில் விட்டுவிட்டாள். ஆங்கிலத்தில் அவன், அவள் எல்லாம் தனிச் சொல் அல்லவா? பெயரை மாற்றினால் அது தானாக மாறாது. அதையெல்லாம் மாற்ற அந்த ஆள் எங்கே படித்துப் பார்த்தார்! நான் சொல்லிக்கொடுத்த வசதியைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்: ஒரு சொல்லைத் தேடி, எல்லா இடத்திலும் இன்னொன்றை மாற்றிப் போடுவது. மாலா இருந்த இடமெல்லாம் சுந்தரம். புரட்டிக்கொண்டே போனவள் எழுத்துகள் பகுதிக்கு வந்ததும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்துவிட்டார். ஆங்கிலத்தில் மலையாளம் என்ற சொல் என் பெயரில்தான் தொடங்குகிறது, எம், ஏ, எல், ஏ. மெஷினுக்கு என்ன தெரியும்? தமிழ், தெலுங்கு, சுந்தரம்யாளம்.

யாரிடமும் சொல்லவில்லை. வயிற்றுக்குள் வைத்துக் காத்திருந்தேன். தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் கூட்டம் போட்டு, உலக அளவில் கையேடு எழுதிய நம் ஊர்க்காரர் என்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் மூன்றாவது வரிசையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆமாம், பட்டுப்புடவைதான். எனக்கு அன்றைக்கு விசேஷம். கேள்வி கேட்கலாம் என்றதும் எழுந்தேன். "சார், உங்க புஸ்தகத்துல ஒரு சந்தேகம். சுந்தரம்யாளம்னு ஒரு மொழி எழுதியிருக்கீங்களே, அது எந்த மாநிலத்துல பேசறாங்க?" அந்தச் சொல் இருந்த பக்கத்தை மேடைக்குக் கொடுத்தனுப்பினேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "அது... பிரிண்டிங் மிஸ்டேக்" என்றார். "அப்ப மலையாளத்துல மாலான்னு இருந்ததை எடுத்துட்டு உங்க பேரை யார் சார் பிரிண்ட் பண்ணாங்க? மாலா நான்தான்" என்றேன். மண்டபம் ஒரு நொடி யோசித்தது. அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல்: "எங்க கீது சார் அந்த ஊரு? எத்தினி மணிக்கு பஸ்ஸு?" அதற்கப்புறம் சிரிப்பு அடங்கவே இல்லை. பொன்னாடை தோளிலிருந்து சரிந்து விழுந்தது. அதை எடுத்துக் கொடுக்க யாரும் போகவில்லை. நான் மேடைக்குப் போய் என் பக்கத்தை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் காட்சியை நான் இன்றைக்கும் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன், நல்ல காபி குடிக்கிற மாதிரி.

மறுநாள் தாம்பரம் பிரவுசிங் சென்டரிலிருந்து அந்த மென்பொருள்காரர்களுக்கு எழுதினேன். புலம்பவில்லை. ஒரு பிழை இருக்கிறது, சுந்தரம் என்ற சொல்லை எல்லா இடத்திலும் மாலா என்று மாற்றிப் பாருங்கள், மொழியும் சரியாகும், ஹேண்ட்பேக்கும் சரியாகும் என்று மட்டும் எழுதினேன். பொறுப்பாளர் மாற்றிப் பார்த்திருக்கிறார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. சுந்தரம்யாளம் உங்கள் பக்கத்து மொழி ஏதோ என்று இத்தனை நாள் நம்பியிருந்தோம், மன்னியுங்கள் என்று பதில் போட்டார். அடுத்த வெளியீட்டில் என் பெயர் வந்தது. அதைக் காட்டித்தான் வேறொரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். டைரக்டருக்குக் குரோம்பேட்டை முழுக்க 'யாளம் சார்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்வீட் ஸ்டால்காரரே அப்படித்தான் கூப்பிட்டார் என்று கேள்வி.

இப்போது அவருக்கு எண்பது வயது. சதாபிஷேகத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்திருக்கிறது, பழைய ஊழியர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். பெயருக்குக் கீழே 'கணினி நூலாசிரியர்' என்று போட்டிருக்கிறது. இத்தனைக்குப் பிறகும்! வயதானவர், விட்டுத்தொலை என்றார் என் வீட்டுக்காரர். ஏன் விட வேண்டும்? வயது எனக்கும்தான் ஆகிறது. திருடி என்று எழுப்பி அனுப்பிய அந்த நாற்காலி இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

இன்று சாயங்காலம் கடைக்குப் போய் வாங்கிவந்தேன். தங்க நிறச் சட்டம், நடுவில் அந்தத் தாள். கடைக்காரருக்கு விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்துக் கொடுத்தார். "பரிசு கொடுக்கறதுன்னா பேரை எழுதுக்கா. யாரு குடுத்தாங்கோன்னு தெரியாம பூடும்" என்றார். வண்ணக் காகிதம் சுற்றி, மேலே பேனாவால் அழுத்தி, கொட்டை எழுத்தில் எழுதினேன்: அன்புடன், மாலா.